2035 என்னும் பாடபேதம்

சென்ற மாதம் தில்லியில் நடந்த ஓர் ஆய்வாளர் கருத்தரங்கில் முதுகலை மாணவர் ஒருவர் இமயமலையின் நீர்வளம் பற்றி உரையாற்றினார். நன்றாகவே பேசினார். அவரது மூன்றாவது திரைப்பக்கத்தில், 'இதே வேகத்தில் உருகினால் 2035ஆம் ஆண்டுக்குள் இமயமலைப் பனியாறுகள் மறைந்துவிடும்' என்றொரு வரி இருந்தது. அவையில் நாற்பது பேர் இருந்திருப்போம். புவியியலார் இருந்தனர், சூழலியலார் இருந்தனர். எவரும் அந்த வரியைத் தடுத்துக் கேட்கவில்லை. தேநீர் இடைவேளையில் அதன் மூலம் எது என்று நான் அவரிடம் கேட்டேன். "எல்லா இடத்திலும் இருக்கிறதே" என்றார்.

அவர் சொன்னது உண்மை. எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆனால் அந்த வரி 2010 ஜனவரி 20ஆம் தேதியே அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெறப்பட்டது.

மொழியியல் பயின்றவருக்குப் பனியாற்றில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். இந்த விவகாரம் அடிப்படையில் ஒரு பாடபேத விவகாரம் என்பதுதான் என் பதில். ஏடு பார்த்துப் பதிப்பித்தவர்களின் வழியில் வந்த நமக்கு இது அந்நியமான துறை அன்று. கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1996இல் யுனெஸ்கோ வெளியிட்ட ஒரு நூலில், துருவப் பகுதிகளுக்கு வெளியே உலகம் முழுவதும் உள்ள பனியாறுகளின் பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டரிலிருந்து 1 லட்சமாகச் சுருங்கக்கூடும் என்று ரஷ்ய அறிஞர் கோட்லியாகோவ் கணித்திருந்தார். அவர் குறித்த ஆண்டு 2350. 1999இல் தில்லியிலிருந்து வெளிவரும் 'டவுன் டு எர்த்' இதழிலும், லண்டனின் 'நியூ சயின்டிஸ்ட்' இதழிலும் இமயமலைப் பனியாறுகள் 2035க்குள் மறையும் என்ற பேச்சு இடம்பெற்றது. 2005இல் உலக இயற்கை நிதியத்தின் அறிக்கை ஒன்று அதை எடுத்துக்கொண்டது. 2007இல் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு, அதாவது ஐபிசிசி, தனது நான்காம் மதிப்பீட்டறிக்கையில் அந்த நிதிய அறிக்கையைச் சான்று காட்டி 2035ஐ அச்சேற்றியது. கூடவே, 5 லட்சம் 1 லட்சமாகும் என்ற கோட்லியாகோவின் எண்களும் வந்து ஒட்டிக்கொண்டன. உலகத்துக்கான எண் இமயத்துக்கான எண்ணாயிற்று. 2350 என்பது 2035 என்று புரண்டிருக்கக்கூடும் என்று பின்னாளில் இதைத் துப்பறிந்தவர்கள் கருதினர்.

அந்தத் துப்பறிதலைக் கனடாவின் கிரஹாம் காக்லியும் அவரோடு மூவரும் 'சயின்ஸ்' இதழுக்கு 2010இல் எழுதிய ஒரு கடிதத்தில் காணலாம். அந்த மூவரில் ஒருவர் ஆஸ்திரியாவின் ஜார்ஜ் கேசர். வெப்பமண்டலப் பனியாறுகள் பற்றி நூல் எழுதியவர். மூலபாட ஆய்வு பயிலும் மாணவர்களுக்கு அந்தக் கடிதத்தை நான் பாடமாக வைப்பேன். படியெடுத்தவர் எங்கே சறுக்கினார், அடுத்தவர் அதை ஏன் ஐயுறவில்லை, ஒரே மூலத்திலிருந்து இறங்கிய பத்து ஏடுகளைப் பத்துச் சான்றுகளாக எண்ணும் பிழை எப்படி நேர்கிறது என்பனவெல்லாம் அதில் இருக்கின்றன.

எனக்கு வியப்பளிப்பது பிழை நேர்ந்தது அன்று. பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றும் எவரும் காணவில்லை என்பது. அதே பகுதியில், சில வரிகளுக்குள்ளேயே, இமயமலைப் பனியாறுகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 30 லட்சம் ஹெக்டேர் என்று ஐபிசிசி அறிக்கை சொல்கிறது. 30 லட்சம் ஹெக்டேர் என்றால் 30 ஆயிரம் சதுர கிலோமீட்டர். 30 ஆயிரம் உடைய பொருள் 5 லட்சத்திலிருந்து 1 லட்சமாக எப்படிச் சுருங்கும்? அடுத்துள்ள அட்டவணையில் குமாவூனின் பிண்டாரி பனியாறு 1845 முதல் 1966 வரை 2,840 மீட்டர் பின்வாங்கியதாகவும், ஆண்டுச் சராசரி 135.2 மீட்டர் என்றும் இருக்கிறது. 2,840ஐ 121ஆல் வகுத்தால் 23.5 வரும். 21ஆல் வகுத்தால்தான் 135.2. ஓர் ஒன்று விழுந்துவிட்டது. ஏட்டில் ஒரு கொம்போ காலோ விழுந்ததைப் போல.

நோபல் பரிசு பெற்ற ஓர் அமைப்பின் அறிக்கையில் இது மூன்றாண்டுக் காலம் நின்றது. ஏன் நின்றது? அவசரம், கவனக்குறைவு, வல்லுநர் மதிப்பாய்வின் தளர்வு என்று பலர் காரணம் சொன்னார்கள். அவை அனைத்தும் உண்மையே. ஆயினும் முதன்மையான காரணம் வேறு என்று நான் நினைக்கிறேன். அந்த வரியை எதிர்த்து வைக்க அளவீடு இல்லை. அளந்து வைத்த தொடர் ஒன்று கையில் இருந்தால், தவறான எண் அதன்மேல் மோதி உடைந்திருக்கும். அது இல்லாத இடத்தில் மேற்கோள்தான் சான்றாகிறது. மேற்கோளை மேற்கோள் தாங்குகிறது.

2009 நவம்பரில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வி.கே. ரெய்னாவின் அறிக்கையை அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டார். பனியாறுகள் அசாதாரணமான வேகத்தில் பின்வாங்குவதாகக் காட்டப் போதிய சான்று இல்லை என்றது அது. ஐபிசிசியின் அன்றைய தலைவர் பச்சௌரி அதை மாந்திரீக அறிவியல் என்ற பொருள்படச் சாடினார். இருவர் அலுவலகமும் இதே தில்லியில், ஒரே சாலையில் போய்ச்சேரும் தொலைவில். அந்த விவாதத்தை இப்போது எடுத்துப் படித்தால், இரு தரப்பின் கையிலும் எவ்வளவு குறைவான எண்கள் இருந்தன என்பதுதான் கண்ணில் படுகிறது.

இந்திய இமயத்தில் 9,575 பனியாறுகள் இருப்பதாகப் புவியியல் ஆய்வுத் துறையின் பட்டியல் சொல்கிறது. 1974இல் கின்னோர் மாவட்டத்தின் காரா பனியாற்றில் அத்துறை நிறைச்சமன் அளவீட்டைத் தொடங்கியது. ஓராண்டில் விழுந்து சேர்ந்த பனி எவ்வளவு, உருகிப் போனது எவ்வளவு, மிச்சம் என்ன என்ற கணக்குத்தான் நிறைச்சமன். பிறகு காஷ்மீரிலும் கடுவாலிலும் சிக்கிமிலுமாக மேலும் சில பனியாறுகளில் அளந்தார்கள். அந்தத் தொடர்களில் பத்தாண்டைத் தாண்டியது ஒன்றும் இல்லை. 1990 வாக்கில் எல்லாமே நின்றுவிட்டன. பருவநிலை பற்றிப் பேச உலக வானிலை அமைப்பு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவுகோல் 30 ஆண்டு.

இவ்விடத்தில் ஒரு சொல் விளக்கம். நம் நாளிதழ்கள் 'பனிப்பாறை' என்ற ஒரே சொல்லால் கடலில் மிதப்பதையும், மலையில் நகர்வதையும், மலையிலிருந்து உடைந்து விழுவதையும் குறிக்கின்றன. மலையில் இருப்பது பாறை அன்று. அது நகர்கிறது, வளைகிறது, மேலே உண்டு கீழே கழிக்கிறது. பனியாறு என்ற சொல்லே சரி. பாறை என்று பெயர் வைத்தவுடன் அது உருகுமா உருகாதா என்ற ஒரே கேள்விதான் எழுகிறது. ஆறு என்றால் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று கேட்கத் தோன்றும். என் மொழியியல் சார்ந்த பிடிவாதம் இது என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

அப்படிக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில் சந்திரா ஆற்றின் படுகையில் சோட்டா ஷிக்ரி என்ற பனியாறு. பரப்பு 15 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 2002 முதல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் புலத்தாரும் பிரான்சின் ஐ.ஆர்.டி. ஆய்வு நிறுவனத்தாரும் அங்கே ஆண்டு தவறாமல் நிறைச்சமன் அளந்து வருகிறார்கள். இந்திய இமயத்தில் களத்தில் அளந்து பெற்ற மிக நீண்ட தொடர் அதுவே. நீராவித் துளைப்பானால் பனியில் ஆழத் துளையிட்டு மூங்கில் கழிகளை ஒன்றோடொன்று கோத்து இறக்குகிறார்கள். அடுத்த செப்டம்பரில் வந்து கழி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்க்கிறார்கள். உயரத்தில், பனி சேரும் பகுதியில், குழிவெட்டி அடர்த்தியை நிறுக்கிறார்கள். இந்தக் கணக்கிலிருந்து தெரிவது, சோட்டா ஷிக்ரி சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மீட்டர் நீருக்கு நிகரான பனியை இழந்துவருகிறது என்பது. சில ஆண்டுகளில் இழப்பு மிகுதி. சில ஆண்டுகளில் சற்றே வரவும் உண்டு. 2035 என்ற எண்ணைப் போல மனத்தில் தைக்காது. ஆனால் நம்பலாம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பது சுவையானது. சோட்டா ஷிக்ரிக்கு வந்த பிரெஞ்சுக் குழுவினரில் சிலர் அதற்கு முன் பொலிவியாவின் சோங்கோ பனியாற்றில் அளந்து பழகியவர்கள். அங்கே 1991 முதல் ஐ.ஆர்.டி. அளந்துவருகிறது. லா பாஸ் நகரின் மின்சாரம் அந்தப் பள்ளத்தாக்கின் நீரைச் சார்ந்தது என்பதால் நீரோட்டக் கணக்குக்கும் அங்கே ஒரு தேவை இருந்தது. நம் மனத்தில் வெப்பமண்டலமும் பனியாறும் ஒட்டாத இரு சொற்கள். ஆனால் ஆண்டீஸின் வெப்பமண்டலப் பனியாறுகளுக்குக் குளிர்காலம் என்று தனியே ஒன்று கிடையாது. ஆண்டு முழுதும் கீழே உருகிக்கொண்டிருக்கும், மழைக்காலத்தில்தான் மேலே பனி சேரும். நேபாளத்திலும் சிக்கிமிலும் உள்ள பனியாறுகளும் ஏறக்குறைய அப்படியே. பருவமழைதான் அவற்றுக்கு உணவு. அதே மாதங்களில்தான் உருகலும். அந்த மாதங்களில் வெப்பம் சற்றே ஏறினால் பனியாக விழவேண்டியது மழையாக விழும். வரவும் குறையும், செலவும் கூடும். ஐரோப்பிய ஆல்ப்ஸில் எழுதிய இலக்கணம் இங்கே பொருந்தாது. நமக்கு நெருங்கிய உறவு ஆண்டீஸில் இருக்கிறது.

அந்த உறவிலிருந்து கற்கவேண்டிய பாடமும் உண்டு. உலகின் வெப்பமண்டலப் பனியாறுகளில் பெரும்பகுதி பெருவில் இருக்கிறது. அங்கே சாண்டா ஆற்றின் மேற்படுகையில் 1950கள் முதல் நீர்மட்ட நிலையங்கள் இருந்தன. 1990களில் அவற்றில் பலவற்றின் பதிவு நின்றுபோனது. பின்னர் ஆய்வாளர்கள் அந்தப் பழைய பேரேடுகளைத் தோண்டியெடுத்து, புதிதாக அளந்தவற்றோடு வைத்துப் பார்த்தனர். 2012இல் வெளிவந்த முடிவு: ஒன்பது துணைப் படுகைகளில் ஏழு, உச்ச நீரளவைக் கடந்துவிட்டன. பனி உருகும்போது முதலில் ஆற்றில் நீர் கூடும். பனியின் பரப்பு சுருங்கியபின் குறையத் தொடங்கும். இடையில் ஓர் உச்சம். அந்த உச்சம் எதிர்காலத்தில் வரும் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தனர். அது ஏற்கெனவே வந்துபோயிருந்தது. அதைச் சொன்னது செயற்கைக்கோள் அன்று, யாரோ ஒருவர் தினமும் எழுதிவைத்த ஆற்றுமட்டம்.

ஆற்றை அளப்பது பனியை அளப்பதைவிடக் கடினம் என்பதைப் படித்தபிறகே அறிந்தேன். மலையோடையில் கற்களும் பாறைகளும் உருண்டு வரும். விலையுயர்ந்த நீரோட்டமானியை உள்ளே இறக்கினால் அது திரும்பி வராது. ஆகவே இன்றும் பல இடங்களில் மரத்துண்டை எறிந்து, குறித்த தொலைவைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கிறார்கள். மேற்பரப்பு வேகத்தை ஒரு கெழுவால் பெருக்கி, ஓடையின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் நீர்வரத்து கிடைக்கும். விடியற்காலையில் ஓடை அடங்கியிருக்கும். பிற்பகல் கடந்து மாலையில் பனி உருகிய நீர் வந்து சேர்ந்து அதிரும். ஆகவே நாளுக்கு ஒருமுறை அளந்தால் போதாது. அடிக்கடி எறிய முடியாது என்பதால் நீர்மட்டத்தை மட்டும் தொடர்ந்து குறித்துக்கொண்டு, மட்டத்துக்கும் வரத்துக்கும் உள்ள உறவை ஒரு வளைகோடாக வரைந்துகொள்கிறார்கள். இந்த மட்டம் என்றால் இவ்வளவு நீர்.

மட்டம் சொல், வரத்து பொருள் என்று நான் புரிந்துகொண்டேன். எந்த மொழியிலும் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு நிலையானது அன்று. ஒரு வெள்ளம் வந்து படுகையைப் புரட்டிப்போட்டால் அதே மட்டத்துக்கு வேறு பொருள். வளைகோட்டைப் புதிதாக வரையவேண்டும். வரையாமல் பழையதைக் கொண்டே படித்தால், சங்கச் சொல்லுக்கு இன்றைய பொருள் கொண்ட கதைதான்.

தில்லி இதை 2023 ஜூலையில் பட்டு உணர்ந்தது. பழைய இரும்புப் பாலத்தில் யமுனையின் மட்டம் ஜூலை 13 அன்று 208.66 மீட்டரைத் தொட்டது. அதற்கு முன்பிருந்த உச்சம் 1978இல் 207.49. செங்கோட்டைச் சுவர்வரை நீர் வந்தது. காஷ்மீரி கேட் பக்கம் சாலைகள் மூழ்கின. ஆனால் அந்த வாரம் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து வந்த உச்ச அளவு விநாடிக்கு ஏறத்தாழ 3.59 லட்சம் கன அடி. 2019 ஆகஸ்டில் அதே தடுப்பணையிலிருந்து 8.28 லட்சம் கன அடி வந்தபோது பாலத்தில் மட்டம் 206.60தான். பாதிக்கும் குறைவான நீர் இரண்டு மீட்டர் உயரமாக நின்றது. வரத்து பல மணிநேரம் குறையாமல் நீடித்தது, வெள்ளச் சமவெளியில் ஏறிய கட்டடங்கள், வண்டல் மேடுகள், ஐடிஓ தடுப்பணையின் 32 மதகுகளில் திறக்க முடியாமல் போன ஐந்து என்று காரணங்கள் சொல்லப்பட்டன. சொல்லின் பொருள் மாறிவிட்டிருந்ததை நகரம் அறிந்திருக்கவில்லை.

நான் தமிழ்நாட்டில் வளர்ந்த வீட்டில் நாளிதழின் ஒரு மூலையில் மேட்டூர் அணை நிலவரம் வரும். நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, நீர் இருப்பு இத்தனை டிஎம்சி. உழாதவர்களும் அதைப் படிப்பார்கள். 120 அடி என்றால் என்ன என்பது டெல்டாவில் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். தில்லி யமுனையையும், மேல் கங்கைக் கால்வாய் வழியே கங்கையையும், பக்ரா வழியே சட்லெஜையும் குடிக்கிறது. மூன்றும் பனியாறுகளிலிருந்து இறங்குபவை. எனினும் வெள்ளம் வாசலுக்கு வந்தால் ஒழிய எந்த எண்ணும் இங்கே எவர் வாயிலும் இல்லை. நாம் குடிக்கும் நீரில் பனியுருகல் எவ்வளவு, பருவமழை எவ்வளவு என்று கேட்டால், மேலே போகப்போகப் பனியின் பங்கு கூடும், சமவெளிக்கு வரவர மழையின் பங்கு மேலோங்கும் என்ற பொதுவிடைதான் கிடைக்கும். பனியாறு போனால் கங்கை வறண்டுவிடும் என்று மேடையில் முழங்குவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. கங்கை வறண்டுவிடாது. ஆனால் மே, ஜூன் மாதங்களில் மலைக்கிராமத்தின் வாய்க்காலும், பருவமழை பொய்த்த ஆண்டில் அணையின் இருப்பும் வேறு கதை சொல்லும். எவ்வளவு வேறு என்பதைச் சொல்ல மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காக அளந்த எண்கள் வேண்டும்.

அந்த எண்களில் ஒரு பகுதி அரசிடம் இருக்கிறது. மத்திய நீர் ஆணையத்தின் நிலையங்கள் இமயப் பள்ளத்தாக்குகளில் பல பத்தாண்டுகளாக இயங்குகின்றன. காவிரியின் முசிறி நிலையத்தில் அளந்த நீர்வரத்தை நான் விடுதி அறையில் அமர்ந்து தரவிறக்கிக்கொள்ளலாம். கங்கைக்கோ பிரம்மபுத்திராவுக்கோ சிந்துவுக்கோ அவ்வாறு இயலாது. எல்லை கடக்கும் ஆறுகள் என்பதால் அவற்றின் வரத்து மறைபொருளாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. வெள்ளக் காலத்தில் மட்டத்தைப் பொதுவில் காட்டுகிறார்கள், அதற்கு நன்றி. நீண்ட காலத் தொடரைப் பெற விண்ணப்பம், இரகசியக் காப்பு உறுதிமொழி, காத்திருப்பு.

அண்டை நாடுகளோடு பேச்சு நடத்தும்போது கையிலுள்ள சீட்டைக் காட்டலாமா என்ற அரசின் தயக்கத்தை நான் முற்றாகப் புறந்தள்ளவில்லை. ஆனால் 2017இல் சீனா பிரம்மபுத்திராவின் மேற்படுகைத் தரவைத் தரவில்லை என்று நாம்தான் முறையிட்டோம். மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் எண்ணை மறைப்பது தவறு என்ற நம் வாதம், உத்தராகண்ட் கிராமத்துக்கும் தில்லி அலுவலகத்துக்கும் இடையிலும் பொருந்தவேண்டாமா? இன்னொரு முரணும் உண்டு. 2019இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களை உள்ளடக்கிய குழு ஒன்று, 2000க்குப் பிறகு இமயத்தின் பனியிழப்பு அதற்கு முந்திய கால் நூற்றாண்டைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று காட்டியது. 1970களின் நிலையை அவர்கள் எதிலிருந்து அறிந்தார்கள்? அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் எடுத்த, பின்னர் மறைநீக்கம் செய்யப்பட்ட படங்களிலிருந்து. உளவாளியின் படம் பொதுவுக்கு வந்துவிட்டது. அலக்நந்தாவின் 1980ஆம் ஆண்டு நீர்வரத்து வரவில்லை.

செயற்கைக்கோள் வந்தபின் மலையேறுவது எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த ஆய்வே பதிலும் ஆகும். பனியின் பரப்பும் உயரமும் வானிலிருந்து தெரியும். மிகச் சிறப்பாகவே தெரியும். 5,000 மீட்டரில் எவ்வளவு பனி விழுந்தது, ஓடையில் எவ்வளவு நீர் போனது என்பன தெரியா. காற்றடிக்கும் சரிவில் வைத்த மழைமானிகூட விழும் பனியில் ஒரு பகுதியைத் தவறவிடுகிறது. கருவியின் தாங்குகம்பம் பனியோடு சாய்கிறது, மின்கலம் சாகிறது, கதிர்வீச்சுமானியில் உறைபனி படிகிறது. யாராவது போய்த் துடைக்கவேண்டும்.

சிக்கிமில் நேர்ந்தது நினைவிருக்கும். 2023 அக்டோபர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டித் தெற்கு லோனாக் ஏரியின் கரைச்சரிவு இடிந்து ஏரிக்குள் விழ, கரை உடைந்தது. வெள்ளம் சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-3 அணையை அடித்துச்சென்றது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இன்னும் பலர் கிடைக்கவே இல்லை. அந்த ஏரி ஆபத்தானது என்று பல ஆண்டுகளாக ஆய்வுக் கட்டுரைகள் எழுதப்பட்டிருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில்தான் முன்னெச்சரிக்கை அமைப்பின் முதல் படியாக அங்கே கேமராவும் வானிலைக் கருவிகளும் நிறுவப்பட்டன. மாதக் கடைசியில் அந்தக் கண்காணிப்புக் கருவி மின்சாரம் இழந்து நின்றுபோனதாகச் செய்திகள் கூறின. ஒரு வாரத்துக்குள் ஏரி உடைந்தது. அபாய ஒலிக்கான இணைப்பு அதுவரை பொருத்தப்படவில்லை. ஆகவே கருவி இயங்கியிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நிறுவுதல் செய்தியாகிறது, பராமரித்தல் ஆவதில்லை என்று மட்டும் சொல்வேன். திறப்புவிழாவுக்கு நாடா உண்டு. மின்கலம் மாற்றுவதற்கு இல்லை.

ஆராய்ச்சி நிதியின் அமைப்பும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. திட்டங்கள் பெரும்பாலும் மூன்றாண்டுக்கு. முதலாண்டு அனுமதிகளிலும் கொள்முதலிலும் கழியும். இரண்டாமாண்டு கருவி மேலே ஏறும். மூன்றாமாண்டு அறிக்கை. நான்காம் ஆண்டு கருவி மலைமேல் தனியாக நிற்கும். முனைவர் பட்ட மாணவர் எழுதி முடித்துப் போய்விடுவார். அவரது மடிக்கணினியோடு தரவும் போகும். புதியவர் புதிய கேள்வியோடு வருவார். 'தொடர்ந்து அளந்துகொண்டிருக்கிறேன்' என்பது எந்தத் தேர்வுக்குழுவின் முன்னும் ஒரு புதிய பங்களிப்பாக எடுபடாது. சோட்டா ஷிக்ரி இதையெல்லாம் தாண்டி இருபதாண்டைக் கடந்தது விதிவிலக்கு. நம் அமைப்பு அதற்காகப் பெருமைகொள்ள முடியாது. ஸ்பிதியில் 2016இல் துருவ, கடல் ஆய்வு மையம் தொடங்கிய ஹிமான்ஷ் நிலையத்துக்கும் அத்தகைய ஆயுள் வாய்க்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

மேலே ஏறிக் கழி நடுபவர்கள் யார்? ஆய்வாளர்கள் ஏறுகிறார்கள், ஐயமில்லை. அவர்களோடு லாஹௌலிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வரும் சுமைதூக்குநர், சமையலாளர், வழிகாட்டி. பல குழுக்களில் ஆண்டுதோறும் மாறாமல் வருபவர் இவர்களே. எந்தக் கழி எங்கே புதைந்தது, எந்தப் பிளவு சென்ற ஆண்டு இல்லாதது என்று சொல்லக்கூடியவரும் அவர்களே. கீழே ஆற்றோரத்தில் மழைக்காலத்தில் மணிக்கொரு முறை அளவுப் பலகையைப் படித்துச் செய்தி அனுப்பும் ஊழியர்கள். கட்டுரையின் கடைசியில் நன்றியுரையில் ஒரு வரி அவர்களுக்கு வரும். எங்கள் துறையிலும் இதே வழக்கம் இருந்தது. ஒரு மொழியின் இலக்கணத்தை எழுதியவர் பெயர் அட்டையில் இருக்கும். ஐந்தாண்டு அமர்ந்து அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தவர் 'தகவலாளி' என்றோ இரண்டெழுத்துச் சுருக்கமாகவோ இருப்பார். இப்போது சிலர் அவரை இணையாசிரியராகச் சேர்க்கிறார்கள். பனியாற்றுத் தரவுத் தொகுப்புகளிலும் அதைச் செய்யத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அவ்வாறு சேர்த்தால் அந்தப் பணிக்கு நிரந்தர ஊதியம் கேட்கவும் ஓர் ஆதாரம் கிடைக்கும்.

2025ஐப் பனியாறுகளைக் காக்கும் ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது. தில்லியில் எத்தனையோ அமர்வுகள் நடந்தன. சிலவற்றுக்கு நானும் போனேன். உருகும் பனியின் படங்கள் ஏராளம். ஒரு கோரிக்கையை மட்டும் எவரும் எழுப்பக் காணவில்லை: இருபது ஆண்டுக்கு முந்திய ஆற்று வரத்தையாவது பொதுவுக்குத் திறந்துவிடுங்கள் என்பது. இருபதாண்டுப் பழைய எண்ணால் எந்தப் பேச்சுவார்த்தையும் கெட்டுவிடாது என்று நினைக்கிறேன். ஓர் ஆய்வு மாணவரின் மூன்றாண்டு வேலையாவது மிச்சமாகும். நம் பல்கலைக்கழகங்களும், களத்தில் எடுத்த மூலத்தரவை ஒப்படைக்காமல் ஆய்வேட்டை ஏற்பதில்லை என்று ஒரு விதி செய்யலாம். இதற்கு அமைச்சகம் எதுவும் வேண்டியதில்லை.

அந்த மாணவர் கருத்தரங்கு முடிந்த இரவு எனக்குச் செய்தி அனுப்பினார். 2035 தவறு என்று தேடிப் பார்த்து உறுதிசெய்துகொண்டதாகவும், அப்படியானால் அந்த இடத்தில் எந்த ஆண்டைப் போடுவது என்றும் கேட்டிருந்தார். ஆண்டு எதுவும் இல்லை என்று எழுதினேன். இந்துகுஷ்-இமயத்துக்கான 2019ஆம் ஆண்டு மதிப்பீடு, வெப்பஉயர்வை 1.5 பாகைக்குள் நிறுத்தினாலும் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் பனியில் மூன்றிலொரு பங்கு போய்விடும் என்று சொல்வதைக் குறிப்பிட்டேன். சோட்டா ஷிக்ரியின் ஆண்டுவாரி எண்களையும் அனுப்பினேன். கூட்டலும் கழித்தலுமாக, ஒவ்வொன்றுக்கும் பிழைவரம்போடு, இருபது வரிகளுக்கு மேல்.

"இது ஒரு திரைப்பக்கத்தில் அடங்காதே" என்று பதில் வந்தது. இரண்டு பக்கமாகப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.